ஹகீம் அஜ்மல் கான்: இதயத்தோடு இணைந்த பெயர்

1868-ல் டில்லியில், தலைமுறைகளாக யூனானி வைத்தியம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர் மர்ஹூம் ஹகீம் அஜ்மல் கான். 1921-ல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவராகவும், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராகவும் அன்னாரை நாம் அறிவோம். ஆயினும், பழைய மருந்துகளைப் புதிய அறிவியலால் சோதித்தறிய வேண்டும் என்பதே அன்னாரின் பெருங்கனவு. டில்லி திப்பியா கல்லூரியில் அவ்வாய்வு நடைபெற வேண்டுமென, ஜெர்மனியில் வேதியியல் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரை ஊக்குவித்தார். பலனைக் காணுமுன் 1927-ல் வஃபாத்தானார்.

1931-ல் சித்தீக்கி, சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு அன்னாரின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கை ஆராய இன்றும் அது பயன்படுகிறது. அதே வேரிலிருந்து 1952-ல் கிடைத்த ரெசர்பின், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளின் வேகத்தைத் தணித்து, இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. குழாய்கள் சுருங்கினால் அழுத்தம் ஏறும், இதயத்தின் சுமை கூடும். விரிந்தால் இரண்டும் தணியும்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி வருவது. ஆகவே உடுமலை ஜமாஅத்தார் அனைவரும் ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். வேரைத் தாமாக உண்பது ஆபத்து. மருத்துவரே வழிகாட்ட வேண்டும்.

பயன்தரும் கல்வி, மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் தர்மமன்றோ! வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுத்து, மேலான சுவனத்தை அருள்வானாக! ஆமீன்.