கறைபடாத மேசைவிரிப்புத் தேடியவர்: ஜாக் பிராண்டன்பேர்கர்

செலோரேப் என்ற சொல்லைக் கேள்விப்படாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்க முடியாது. பாடப்புத்தகத்துக்கு உறை போட்டதும் அதனால்தான். மடிப்பில் கிழிந்துபோன பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஒட்டி, கடல் கடந்து கொண்டுவந்து, குடிவரவு அதிகாரியின் மேசையில் வைத்ததும் அதனால்தான். 1937இல் இங்கிலாந்தில் அந்த ஒட்டுநாடாவுக்குப் பெயர் வைத்தவர்கள் செலோபேன் என்ற சொல்லை எடுத்து, அதன் ஆங்கில முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். செலோபேன் அப்போது இன்னொருவரின் பதிவுசெய்த வணிகப் பெயர். நாடாவாக இருந்ததும் செலோபேன்தான், மேலே பசை பூசியிருந்தார்கள், அவ்வளவே.

அந்தச் செலோபேனைக் கண்டுபிடித்தவர் ஜாக் எட்வின் பிராண்டன்பேர்கர் என்ற சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயனவியலாளர். மொன்றியலுக்கு வந்த எம்மவர் பலர் முதல் சம்பளத்தை எடுத்தது பொருட்களைச் சுற்றி, ஒட்டி, பெட்டியில் அடுக்கும் வேலைகளில்தான். தட்டுப்பலகையில் அடுக்கிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி இறுக்கும் அந்த மெல்லிய தாளின் பரம்பரையைத் தேடிப்போனால் இந்த மனிதரின் வாசலில்தான் போய் நிற்கவேண்டும். நாம் வர்த்தகம் படித்தவர்கள். இரசாயனம் எமது துறையல்ல. ஆனால் இவரது வாழ்க்கையில் கணக்காளர் கவனிக்க நிறைய இருக்கிறது.

1872 ஒக்ரோபர் 19இல் சூரிச்சில் பிறந்தார். பேர்ன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து 1895இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது வயது 23கூட ஆகவில்லை. பிறகு பிரான்ஸ் போனார். அந்நாட்டின் கிழக்கே, வோஜ் மலைப்பகுதியில் தாஓன் என்றொரு சிறு நகரம். அங்கே துணி வெளுத்துச் சாயம் போடும் பெரிய ஆலை ஒன்றில் வேலை. துணிக்குப் பளபளப்பு ஏற்றுவது, கறை படாமல் செய்வது என்பவைதான் அவரது அன்றாடப் பிரச்சினைகள்.

1900ஆம் ஆண்டளவில் ஓர் உணவகத்தில் இருந்தபோது, பக்கத்தில் யாரோ மேசைவிரிப்பில் வைன் கொட்டிவிட்டதாகவும், பணியாளர் உடனே வந்து விரிப்பை மாற்றியதாகவும், ஈரம் ஏறாத துணி ஒன்றைச் செய்யவேண்டும் என்று இவர் அப்போதுதான் நினைத்ததாகவும் சொல்வார்கள். கண்டுபிடிப்பாளர் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். துணி ஆலையில் வேலை செய்யும் இரசாயனவியலாளருக்கு இந்த யோசனை வர, கொட்டுப்பட்ட வைன் தேவையா என்பது எமது சந்தேகம். எப்படியோ, வேலை தொடங்கியது.

அவர் கையில் எடுத்தது விஸ்கோஸ். மரக்கூழைக் கோஸ்ரிக் சோடாவில் ஊறவைத்து, காபனிருசல்பைட்டுடன் சேர்த்துக் கரைத்தால் தேன்போலத் தடித்த ஒரு திரவம் வரும். 1892இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தத் திரவத்தைச் சிறு துளைகளினூடாக அமிலத்துக்குள் பீச்சினால் ரேயோன் நூல். பிராண்டன்பேர்கர் அதைத் துணியின்மேல் பூசினார். துணி அட்டைபோல விறைத்துவிட்டது. மேசையில் விரிக்கவும் முடியாது, மடிக்கவும் முடியாது. விரிப்புத் திட்டம் அதோடு முடிந்தது. ஆனால் பூச்சு துணியிலிருந்து முழுத்தாளாக உரிந்து வந்தது, ஒளியும் ஊடுருவியது. துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, உரிந்த தாளை அவர் வைத்துக்கொண்டார்.

முதலில் வந்த தாள் தடிப்பு, முரடு, முழுத் தெளிவும் இல்லை. 1908இல்தான் அதை உருவாக்கும் முதல் இயந்திரத்தைச் செய்து முடித்தார். நீண்ட ஒடுங்கிய பிளவினூடாக விஸ்கோசை அமிலத் தொட்டிக்குள் இறக்கி, கழுவி, உடையாமல் வளைய கிளிசரின் ஊட்டி, உலரவிட்டுச் சுருளாகச் சுற்றும் முறை அது. அப்போதும் தாள் சந்தைக்கு உகந்ததாக இல்லை. 1912 அளவில்தான் மெல்லிய, விற்கக்கூடிய தாள் கிடைத்தது. அதன் ஆரம்பப் பாவனைகளில் ஒன்று நச்சுவாயு முகமூடிகளின் கண்பகுதி. பெயரையும் அவரே அமைத்தார். செலுலோசு என்ற சொல்லின் தலையையும், ஒளி ஊடுருவும் என்று பொருள்படும் டியாபான் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வாலையும் இணைத்தால் செலோபேன்.

இங்கே கணக்காளர் கொஞ்சம் நிற்கவேண்டும். ஒரு பொருளை நினைத்து ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். விற்பனையில்லை, வருமானமில்லை. எமது பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு திட்டத்துடன் வங்கிக்குப் போனால் கதவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிராண்டன்பேர்கர் மாதச் சம்பளம் எடுத்த மனிதர் என்பதையும், அவருக்குப் பின்னால் துணித்தொழிலின் பணம் இருந்தது என்பதையும் மறந்துவிட்டு அவரது விடாமுயற்சியை மட்டும் புகழ்வது அரைக்கணக்கு. அந்தப் பணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1917இல் தனது காப்புரிமைகளை லா செலோபேன் என்ற கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நிறுவனத்திலேயே இணைந்துகொண்டார். அதற்குப் பின்னால் நின்றது பிரான்சின் செயற்கைப் பட்டு உற்பத்தியாளர்களின் கூட்டு. அவர் பெயர் வைத்த பொருள் சட்டப்படி அவருடையதாக இல்லாமல் போனது.

அடுத்த பெரிய ஒப்பந்தம் 1923 டிசம்பர் 26இல். அமெரிக்காவின் டியூபொன் குழுமம் செலோபேனுக்கென்றே ஒரு கம்பனி தொடங்கி, இரகசியச் செய்முறையையும் வட, மத்திய அமெரிக்காவில் தனியாகத் தயாரித்து விற்கும் உரிமையையும் லா செலோபேனிடமிருந்து பெற்றது. மீதி உலகம் பிரெஞ்சுக்காரருக்கு. 1924 வசந்தகாலத்தில் பஃபலோ நகரில் உற்பத்தி தொடங்கியது. மொன்றியலில் எந்தச் சுருள் யாருடையது என்பதும் அந்த மேசையில் முடிவாகிவிட்டது.

ஆனால் செலோபேனுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. தண்ணீர் உள்ளே போகாது, ஈரக்காற்று போகும். இனிப்புப் பெட்டிக்கு மேல் அழகுக்குச் சுற்றலாம், பாணையும் பிஸ்கற்றையும் சிகரெட்டையும் காக்க முடியாது. அதைத் தீர்த்தவர் பிராண்டன்பேர்கர் அல்ல, டியூபொனின் வில்லியம் ஹேல் சார்ச். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்து, 1927இல் ஈரம் புகாத மிக மெல்லிய மேற்பூச்சு ஒன்றைக் கண்டார். அதன் பின்னர்தான் செலோபேன் உணவுத்தொழிலுக்குள் நுழைந்தது. இறைச்சியை வெட்டித்தரும் ஆளிடம் கேட்டு வாங்கியவர்கள், தாளினூடாகப் பார்த்துத் தாங்களே எடுக்கத் தொடங்கினார்கள். பெருமந்தக் காலத்தில் மற்றக் கம்பனிகள் ஆட்குறைப்புச் செய்தபோது இந்தத் தாளின் விற்பனை ஏறிக்கொண்டே போனது. 1924இல் ஓர் இறாத்தல் இரண்டரை டொலர் அளவில் விற்றது, 1940இல் 40 சதத்துக்கும் கீழே வந்தது. விலை இறங்க இறங்கப் பாவனை கூடியது. வர்த்தகப் பட்டப்படிப்பில் கேள்வி நெகிழ்ச்சி என்று படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்கு யாரும் காட்டவில்லை.

கியூபெக்கின் பங்கும் இதில் உண்டு. மொன்றியலைத் தலைமையகமாகக் கொண்ட கனேடியன் இன்டஸ்ரீஸ் லிமிட்டெட், நாம் சுருக்கமாக சீ.ஐ.எல். என்போம், டியூபொனும் பிரித்தானிய ஐ.சீ.ஐ.யும் கூட்டாகப் பங்கு வைத்திருந்த கம்பனி. அது 1932இல் ஷவினிகனில் செலோபேன் ஆலையைத் தொடங்கியது. சென் மொறிஸ் ஆற்றின் நீர்வீழ்ச்சி தந்த மின்சாரம், சுற்றிலும் மரக்கூழ் ஆலைகள் என்று எல்லாம் அங்கேயே இருந்தன. இங்கிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லலாம்.

எமது தெற்காசியாவிலும் இதே விஸ்கோஸ் தொழில் வந்தது. கேரளத்தின் பெரும்பாவூரில் இருந்த திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலை நூலோடு செலோபேன் தாளும் செய்தது. அதை நிறுவியவர் செட்டிநாட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் இவரே. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

கெடுதியையும் எழுதத்தான் வேண்டும். விஸ்கோஸ் செய்யப் பயன்பட்ட காபனிருசல்பைட்டு ஆவி நரம்பையும் மூளையையும் தாக்கும் நஞ்சு. ரேயோன், செலோபேன் ஆலைகளில் எத்தனையோ தொழிலாளர்கள் கைகால் விறைத்து, புத்தி தடுமாறி வீடு திரும்பியிருக்கிறார்கள். தாள் தெளிவாக இருந்தது, அதன் செலவுக் கணக்கு அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை.

பிராண்டன்பேர்கருக்கு 1937இல் பிலடெல்பியாவின் பிராங்ளின் நிறுவனம் எலியட் கிரெசன் பதக்கம் வழங்கியது. 1954 ஜூலை 13இல், தான் பிறந்த சூரிச்சிலேயே காலமானார். வயது 81.

அவர் இறந்து இரண்டாண்டுகள் செல்லமுன், அவரது தாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெரும் கேள்வியைத் தீர்த்துவைத்தது. அமெரிக்காவில் விற்ற செலோபேனில் ஏறக்குறைய 75 வீதம் டியூபொன் தயாரித்தது. இது ஏகபோகமா என்பதே வழக்கு. மெழுகுத்தாள், அலுமினியத்தாள் உட்பட வளையக்கூடிய எல்லாப் பொதித்தாள்களும் ஒரே சந்தை என்றும், அதில் செலோபேனின் பங்கு 20 வீதத்துக்கும் குறைவு என்றும் 1956 ஜூனில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். டியூபொன் தப்பியது. ஏற்கெனவே ஏகபோக விலை வைத்திருக்கும் ஒருவரின் வாடிக்கையாளர் வேறு தாளுக்குத் தாவுவதை வைத்துப் போட்டி இருக்கிறது என்று சொல்வது தவறு எனப் பொருளியலாளர்கள் பிறகு எழுதினார்கள். செலோபேன் மயக்கம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் இன்றும் அதைப் படிப்பிக்கிறார்கள். இந்த விடயத்தில் நாம் பொருளியலாளர் பக்கம்.

ஆனால் உண்மையான போட்டி அடுத்த பத்தாண்டில் வந்தது. பெற்றோலியத்தில் இருந்து வரும் பொலிபுரோப்பிலீன் தாள், செலோபேனைவிட மிகவும் இலேசு. 20 மைக்ரோன் தடிப்பில் ஒரு கிலோ செலோபேன் சுமார் 34 சதுர மீற்றரை மூடும், ஒரு கிலோ பொலிபுரோப்பிலீன் சுமார் 55. கிலோக் கணக்கில் வாங்கி, சதுர மீற்றரில் பாவிக்கும் தொழிலில் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. 1986இல் டியூபொனே செலோபேன் தொழிலைக் கைவிட்டது. இன்று நாம் பூங்கொத்தில் பார்த்துச் செலோபேன் என்று சொல்லும் தாள் பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன்தான்.

அந்தப் பிளாஸ்ரிக் தாள் தொழில் மொன்றியலில் பெரிதாக வளர்ந்தது. ஒட்டுநாடாவும் இழுவைத் தாளும் செய்யும் இன்ரர்ரேப் பொலிமர் 1981இல் இங்கே உருவானது. அச்சுத்தொழில் நிறுவனமான ரிசீ ட்ரான்ஸ்கொன்டினென்டல், பத்திரிகை அச்சு தேயத்தொடங்கியதும் 2014இல் பொதித்தாள் தொழிலுக்குள் இறங்கி, 2018இல் கொவெரிஸ் அமெரிக்காஸை 132 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. வாசிக்கும் கடதாசியில் போன வருமானத்தைச் சுற்றும் தாளில் பிடிக்கப் பார்த்தார்கள்.

எமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிராண்டன்பேர்கரின் வெறும் செலோபேன் மண்ணில் உக்கிப் போகும், ஏனெனில் அது மரம். அதை வென்ற தாள் உக்காது. ஒப்பிட்டவர்கள் கிலோ விலையையும் பரப்பளவையும் எழுதினார்கள், எறிந்தபின் வரும் செலவுக்கு யாருடைய பேரேட்டிலும் இடம் இருக்கவில்லை. அதை நகரசபை, அதாவது வரி கட்டும் நாங்கள், சுமந்தோம். கியூபெக்கில் 2005 முதல் பொதி போடும் கம்பனிகள் மீள்சுழற்சிச் செலவில் பங்கு கட்டுகின்றன, 2013 முதல் அந்தப் பங்கு முழுதாகியது. மொன்றியல் 2022 செப்ரெம்பரில் கடைகளின் பிளாஸ்ரிக் பைகளை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையில்கூட 2017 செப்ரெம்பர் முதல் சோற்றுப்பொதி சுற்றும் பொலித்தீன் தாளுக்குத் தடை. பலகாரக்கடை, உணவகம் நடத்தும் எம்மவர்கள் பொதியின் விலையைப் பார்க்கும்போது இந்தக் கட்டணங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய காலம் இது.  இங்கிலாந்தின் விக்டன் ஆலை இன்றும் மரக்கூழில் இருந்து தாள் வார்க்கிறது. உக்கும் பொதி என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு அது போகிறது.

பிராண்டன்பேர்கரின் செல்வம் மகள் இர்மா மார்தாவிடம் சென்றது. அவர் 1990இல் தந்தையின் பெயரில் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். மனித நலனுக்காக உழைத்த சுவிஸ் குடிமக்களுக்கு அது ஆண்டுதோறும் 200,000 பிராங்க் பரிசு வழங்கிவருகிறது.