ரோஜா முள்ளும் புளித்த பாலும்

1882ஆம் ஆண்டு. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரம். வீட்டிலுள்ளோர் அனைவரும் குரங்குகளின் வேடிக்கையைக் காணச் சர்க்கசுக்குச் சென்றிருந்தனர். இல்யா மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் தனியே அமர்ந்து, நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்தன. வெளிப்பொருள் ஏதேனும் உடலுக்குள் புகுந்தால் இவை திரண்டு வந்து எதிர்க்குமோ என்ற எண்ணம் அவருக்குத் திடீரென எழுந்தது. உடனே தோட்டத்திற்குச் சென்று ரோஜா முட்கள் சிலவற்றைப் பறித்து வந்து, குஞ்சுகளின் தோலுக்கு அடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தபோது, முள்ளைச் சுற்றி அந்த உயிரணுக்கள் மொய்த்திருந்தன.

முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிப்பதை நாம் அறிவோம். இதுவே அழற்சி. அக்கால மருத்துவர் பலர் அதனைக் கேடாகவே கருதினர். வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்று எண்ணியோரும் உண்டு. மெச்னிகோவ் அதனை மறுத்தார். இரத்தக் குழாய்களே இல்லாத சிற்றுயிரிலும் இப்படி நிகழ்கிறது என்றால், அழற்சி உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போரே என்றார். கிருமிகளை விழுங்கும் அந்த உயிரணுக்கள் விழுங்கணுக்கள் எனப்பட்டன. எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. 1908இல்தான் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மெச்னிகோவ் 1845இல், இன்றைய உக்ரேனிலுள்ள கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தவர். விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1888 முதல் பாரிசிலுள்ள பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பணிபுரிந்தார். அங்கே காலரா நோயை ஆராய்ந்தபோது அக்கிருமிகளைத் தாமே விழுங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அவ்வாறே விழுங்கிய மற்றொருவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.  ஒரே கிருமி ஒருவரை வாட்டி, மற்றொருவரை விட்டுவிட்டது ஏன்? குடலில் முன்பே வாழும் நுண்ணுயிர்களே காரணமாக இருக்கலாம் என அவர் கருதினார்.

அந்த எண்ணம் அவரைப் புளித்த பாலிடம் கொண்டு சேர்த்தது. பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சுரந்து முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் அமிலம் அவற்றை அடக்கும் என்றும் நம்பினார். பல்கேரிய உழவர்கள் தயிர் உண்டு நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற செய்தி அந்நம்பிக்கையை வலுப்படுத்தியது. தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். பாரிசு மக்களும் அதனைத் தேடி வாங்கத் தொடங்கினர்.

முள்ளின் செய்தியில் அவர் கண்ணால் கண்டதைக் கூறினார். பாலின் செய்தியிலோ நம்பிக்கை சான்றை முந்திக்கொண்டது. பெருங்குடல் தேவையற்ற உறுப்பு என்ற அவரது கருத்து தவறானது. பல்கேரியத் தயிரின் நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்பதும் பின்னர்த் தெரியவந்தது. 1916இல், தமது 71ஆம் வயதில் இதய நோயால் இறக்கும் தறுவாயில், தம் உடலை அறுத்துப் பார்க்கும்போது குடலைக் கவனமாக ஆராயும்படி உடன் பணியாற்றிய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார்.

உயிருள்ள மனிதரின் குடல் நட்சத்திர மீன் குஞ்சைப்போல் ஊடுருவித் தெரிவதில்லை. ஆகவே, இன்றைய ஆய்வாளர்கள் மனிதக் குடலின் உயிரணுக்களை மெல்லிய சவ்வின்மேல் வளர்க்கிறார்கள். பெரிதும் பயன்படும் காக்கோ-2 என்னும் வகை, பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து பெறப்பட்டது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அது குடற்சுவர் போன்ற ஒரு படலமாகிறது. கிருமியின் புறவுறைப் பொருளைச் சேர்த்து அதில் அழற்சியைத் தூண்டுவர். பிறகு தயிர், பழம், தேயிலை போன்றவற்றின் சாற்றை இட்டு, படலத்தின் கசிவு குறைகிறதா என்று அளப்பர். உண்ணும் உணவு செரித்து, பல்வகை நுண்ணுயிர்களோடு கலந்து செல்லும் முழுக் குடல் அன்று அது. அதில் பலன் தந்த உணவு மனிதருக்கும் பலன் தரும் என்று உடனே சொல்லிவிட முடியாது. பல சோதனைகளில் அந்தப் படலத்தின் கீழே வேறொரு வகை உயிரணுக்களையும் வளர்க்கிறார்கள். அவை மெச்னிகோவ் விளக்கிய விழுங்கணுக்கள்.