புல்வெளியில் வளர்ந்த பெண்மணி

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரமில்லாப் புல்வெளிகள் பரந்து கிடந்தன. அந்நிலத்தில் குடியேறி, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் என்று 1862ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அதனை நம்பிக் கூண்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று சார்லசு இங்கல்சு என்பவருடைய குடும்பம். அவருடைய இரண்டாவது மகளே லாரா. 1867ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், விசுகான்சின் மாநிலத்துக் காடொன்றில், மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய சிறு வீட்டில் அவர் பிறந்தார்.

தந்தையார் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் இயல்பினர் அல்லர். லாரா கைக்குழந்தையாக இருந்தபொழுதே குடும்பம் கான்சசு நாட்டுப்புறத்திற்குச் சென்றது. அங்கே அவர்கள் வீடு கட்டிய நிலம் ஓசேசு என்னும் பழங்குடி மக்களுக்கு உரியது. பிறருடைய நிலத்தில் உரிமையின்றிக் குடியேறிய பலருள் அவர்களும் அடங்குவர் என்பதை நாம் மறைத்தல் கூடாது. 1871இல் அவர்கள் அவ்விடத்தை விட்டு விசுகான்சினுக்கே மீண்டனர்.

பின்னர் மின்னசோட்டாவில் கோதுமை விதைத்தார் தந்தையார். பயிர் செழித்து வளர்ந்தது, அறுவடை அண்மித்தது. அவ்வேளையில் வானத்தை மறைக்கும் மேகம்போல வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. கோதுமையும் புல்லும் தோட்டத்துக் காய்கறிகளும் அவற்றுக்கு இரையாயின. கடன் ஏறியது. தந்தையார் கூலி வேலை தேடிக் கால்நடையாகவே தொலைதூரம் சென்றார். ஒன்பது திங்களே நிரம்பிய தம்பி ஒருவனும் 1876இல் இறந்தான்.

துன்பங்களுள் பெரியது 1879ஆம் ஆண்டில் வந்தது. பதினான்கு வயதான அக்காள் மேரி கடும் நோயுற்றுக் கண் பார்வையை இழந்தாள். அன்று முதல் அக்காளுக்குக் கண்ணாக இருக்கும் பொறுப்பைத் தந்தையார் லாராவிடம் ஒப்படைத்தார். வானத்தின் நிறம், புல்லின் அசைவு, வருவோர் உடுத்த உடை என யாவற்றையும் லாரா சொல்லிக்கொண்டே நடப்பாள். மேரி கேட்டுக்கொண்டே வருவாள். கண்டதைக் கண்டவாறு, மிகைபடக் கூறாமல், கேட்போர் உள்ளத்தில் பதியுமாறு சொல்ல லாரா கற்றது இப்படித்தான். எந்தப் பள்ளியிலும் கிடைத்தற்கரிய பயிற்சி அது!

அவ்வாண்டே குடும்பம் தக்கோட்டாப் பகுதிக்குச் சென்று, டி சுமெட் என்னும் புதிய ஊரில் குடியேறியது. 1880ஆம் ஆண்டு அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. ஒரு புயல் ஓய்வதற்குள் மற்றொன்று வந்தது. இருப்புப்பாதை பனியில் புதைந்தமையால் சனவரி முதல் மே வரை ஊருக்குப் புகைவண்டியே வரவில்லை. நிலக்கரி தீர்ந்தது, மாவு தீர்ந்தது. சுற்றுப்புறத்திலோ மரம் இல்லை. ஆகவே காய்ந்த புல்லை, நம் நாட்டில் வைக்கோலைப் பிரியாகத் திரிப்பதுபோல இறுகத் திரித்து, அதனையே விறகாக எரித்தனர். காப்பிக் கொட்டை அரைக்கும் சிறு பொறியில் கோதுமையை இட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் நாள் முழுவதும் சுற்றினர். அந்த முரட்டு மாவினால் சுட்ட ரொட்டியே அவர்களுக்கு உணவாயிற்று. ஊரில் கோதுமையும் குறைந்தபொழுது அல்மான்சோ வைல்டர் என்னும் இளைஞர், தோழர் ஒருவருடன் பனியில் நெடுந்தொலைவு சென்று கோதுமை வாங்கி வந்ததாக லாரா பின்னாளில் எழுதினார்.

மேரி அயோவா மாநிலத்துப் பார்வையற்றோர் கல்லூரியில் பயின்றாள். அச்செலவுக்கு உதவும் பொருட்டு, பதினாறு வயதை ஒட்டிய பருவத்திலேயே லாரா பள்ளி ஆசிரியை ஆனார். 1885இல் அல்மான்சோவை மணந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. ஆலங்கட்டி மழையும் வறட்சியும் பயிரை அழித்தன. தொண்டை அடைப்பான் நோயினால் கணவர் வாழ்நாள் முழுவதும் கால் நலம் குன்றினார். 1889இல் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களில் இறந்தது. அதே திங்களில் வீடும் தீக்கிரையாயிற்று. ரோசு என்னும் மகள் மட்டும் எஞ்சினாள்.

1894ஆம் ஆண்டில் மூவரும் கூண்டு வண்டியில் ஏறி, ஏறத்தாழ 650 மைல் கடந்து, மிசௌரி மாநிலத்து மான்சுபீல்டு என்னும் ஊரை அடைந்தனர். தையல் வேலையும் பிறவும் செய்து சேர்த்த நூறு டாலர் தாள் ஒன்றை எழுதுபெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தனர். நிலம் வாங்கப் புறப்பட்ட வேளையில் அது காணப்படவில்லை! சில நாள் கழித்துப் பெட்டியின் இடுக்கில் அகப்பட்டது. அதனைக் கொண்டு கல்லும் முள்ளும் நிறைந்த நாற்பது ஏக்கர் நிலத்தை வாங்கினர். ஆப்பிள் மரம் நட்டனர், கோழி வளர்த்தனர். சிறிது சிறிதாகக் கட்டிய வீடு முற்றுப்பெறப் பல ஆண்டுகள் சென்றன.

கோழி வளர்ப்பில் தேர்ந்த லாரா, 1911 முதல் உழவர் இதழொன்றில் கட்டுரைகள் எழுதலானார். 1929ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் அவர்களுடைய சேமிப்புக் கரைந்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்திரண்டு. பலரும் ஓய்வை நாடும் பருவத்தில், மலிவான பள்ளிக்கூட ஏடுகளில் பென்சிலால் தம் இளமை வரலாற்றை எழுதத் தொடங்கினார். முதலில் எழுதியதைப் பதிப்பாளர் எவரும் ஏற்கவில்லை. எழுத்தாளராக விளங்கிய மகள் ரோசின் உதவியோடு அதனைச் சிறுவர் நூலாகத் திருத்தி அமைத்தார். 1932இல் முதல் நூல் வெளிவந்தது. 1943க்குள் எட்டு நூல்கள் வெளிவந்தன. எனினும் அந்நூல்களில் பழங்குடி மக்களைப் பற்றி வரும் சில பகுதிகள் குறையுடையவை. புல்வெளியில் மனிதரே இல்லை, பழங்குடியினரே வாழ்ந்தனர் என்னும் பொருளில் அமைந்த தொடர் ஒன்றினை 1952இல் ஒருவர் எடுத்துக்காட்டியபொழுது, முதியவரான லாரா தம் பிழையை ஒப்புக்கொண்டு அதனை மாற்ற இசைந்தார். அக்குறைகள் பற்றிய ஆராய்ச்சி அவர் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது. அவர் பெயரால் 1954இல் நிறுவப்பட்ட சிறுவர் இலக்கியப் பரிசின் பெயர் 2018இல் மாற்றப்பட்டது.

கணவர் 1949இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். லாரா அந்த வீட்டிலேயே வாழ்ந்து, தொண்ணூறாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், 1957 பிப்ரவரி 10இல் காலமானார். மான்சுபீல்டில் அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலையில் பென்சிலால் எழுதிய ஏடுகள் காக்கப்பட்டு வருகின்றன. புல்வெளி இரவுகளில் தந்தையார் மீட்டிய பிடிலும் அங்கே இருக்கிறது.