சாட்டையேந்திய இளவரசி

1935ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்துத் திரைப்பட வினியோகஸ்தர்கள் புதிய படம் ஒன்றைப் பார்த்தபின் அதை வாங்கத் தயங்கினர். படத்தின் நாயகி பொன்னிறக் கூந்தலும் நீல விழிகளும் உடையவர். இந்துஸ்தானி மொழி அவருடைய நாவில் முழுமையாகப் படியவில்லை. குட்டைக் காற்சட்டையும் முழங்காலைத் தொடும் காலணியும் அணிந்து, முகமூடியுடன் குதிரையேறி வந்து, கையிலிருந்த நெடிய சாட்டையால் தீயவர்களை விளாசினார் அவர். கணவனுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாயகியரையும் புராண நாயகியரையும் கண்டு பழகிய வணிகர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றியது. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் படத்தை எடுத்திருந்த வாடியா மூவிடோன் நிறுவனத்தார் வேறு வழியின்றித் தாமே முன்னின்று அதனைத் திரையிட்டனர். 'ஹண்டர்வாலி' என்னும் அந்தப் படம் இருபத்தைந்து வாரங்கள் ஓடியது. வடநாட்டு வழக்கில் ஹண்டர் என்பது சாட்டையைக் குறிக்கும். ஹண்டர்வாலி என்றால் சாட்டைக்காரி. வணிகர்கள் ஒதுக்கிய அந்த நடிகையே பின்னாளில் இந்தியா முழுவதும் 'அச்சமறியா நாடியா' எனப் போற்றப்பட்டவர்.

அவருடைய இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1908ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் எவன்ஸ் பிரித்தானியப் படையில் பணிபுரிந்தவர். தாய் மார்கரெட் கிரேக்க வழியினர். தந்தையின் படைப்பணி காரணமாகக் குடும்பம் பம்பாய் வந்து சேர்ந்தபோது மேரி சிறு குழந்தை. முதல் உலகப்போரில், 1915இல், தந்தை உயிரிழந்தார். அயல்நாட்டு மண்ணில், ஆதரவு குறைந்த நிலையில், தாயும் மகளும் எஞ்சினர்.

1922இல் அவர்கள் வடமேற்கு எல்லைப்புறத்திலுள்ள பெஷாவருக்குச் சென்றனர். மலைகளும் கணவாய்களும் சூழ்ந்த அப்பகுதியில்தான் மேரி குதிரையேற்றம் கற்றார். வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் துப்பாக்கி சுடவும் பழகினார். அக்காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு உரியவை அல்ல என்று பலரும் கருதிய பயிற்சிகள் இவை. பிற்காலத்தில் திரையில் அவர் காட்டிய துணிவைப் பிறவிக் குணமாகவே பலர் எண்ணினர். உண்மையில் அது எல்லைப்புறக் குதிரைகளின் முதுகில் ஆண்டுக்கணக்கில் பெற்ற பயிற்சியின் விளைவு. விழுந்து எழுந்தவருக்குத்தான் எப்படி விழவேண்டும் என்பது தெரியும்.

1928இல் தாயுடனும் தம் சிறு மகனுடனும் அவர் பம்பாய்க்குத் திரும்பினார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இருபது வயதுப் பெண்ணின் தோளில் விழுந்தது. ஆர்மி அண்ட் நேவி என்னும் பெரிய அங்காடியில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று நல்ல வேலைக்குச் செல்லலாம் என்றும் எண்ணினார். ஆனால் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. அஸ்ட்ரோவா என்னும் உருசிய நடன ஆசிரியையிடம் பாலே நடனம் பயிலச் சேர்ந்த மேரி, அவருடைய குழுவோடு படைமுகாம்களிலும் சமஸ்தான அரண்மனைகளிலும் ஆடினார். உடலை வில்லாக வளைப்பதும் கரணம் அடிப்பதும் இப்பயிற்சியில் வந்த வித்தைகளே. அந்நாளில் ஆர்மீனியக் குறிசொல்லும் பெண்மணி ஒருவர், 'நா' என்னும் எழுத்தில் தொடங்கும் பெயரைச் சூட்டிக்கொண்டால் புகழ் வரும் எனக் கூற, மேரி நாடியா ஆனார் என்பர். 1930இல் ஜார்கோ சர்க்கஸில் சேர்ந்து சிலகாலம் பணியாற்றினார்.

இந்த இடத்தில் அக்காலத் திரையுலகின் நிலையையும் நாம் அறிய வேண்டும். ஊமைப்படக் காலத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர் இந்தியத் திரையில் ஒளிவீசினர். படங்கள் பேசாத வரையில் அவர்களுடைய மொழி தடையாக இருக்கவில்லை. 1931இல் 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இந்துஸ்தானி பேச இயலாத நடிகையர் பலர் வாய்ப்பிழந்தனர். பெரும்புகழ் பெற்றிருந்த சுலோசனாகூட மொழியைக் கற்பதற்காகச் சிலகாலம் நடிப்பிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. அப்படி ஒரு காலத்தில், மொழி கைவராத ஒருவர் திரைத்துறைக்குள் நுழைய முயன்றார் என்பதே வியப்புக்குரியது.

லாகூரில் திரையரங்கு நடத்திய ஒருவரின் அறிமுகத்தால் நாடியா வாடியா மூவிடோன் நிறுவனத்தை அடைந்தார். அதனை 1933இல் தோற்றுவித்தவர் ஜே.பி.எச். வாடியா. கப்பல் கட்டும் தொழிலில் பெயர்பெற்ற பார்சிக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, சுற்றத்தாரின் விருப்பத்திற்கு மாறாகத் திரைத்துறைக்கு வந்தவர் அவர். இளமையில் அமெரிக்க ஊமைப்படங்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். 1914இல் வெளிவந்த தொடர்படத்தில் ஆபத்துகளை எதிர்கொண்ட பெர்ல் வைட், ஓடும் ரயிலோடு போராடிய ஹெலன் ஹோம்ஸ் போன்ற நடிகையர் அன்று உலகெங்கும் அறிமுகமாகியிருந்தனர். ஹோம்ஸுக்குப் பின் அதே ரயில் தொடரில் நடித்த ஹெலன் கிப்சன், குதிரைச் சாகசக் காட்சிக் குழுவிலிருந்து திரைக்கு வந்தவர். நிலையத்துக் கூரையிலிருந்து ஓடும் ரயிலின்மீது குதித்தவர். அப்படிப்பட்ட வீராங்கனை ஒருத்தியை இந்தியத் திரைக்குத் தரவேண்டும் என்பது வாடியாவின் ஆசை. சர்க்கஸும் குதிரையும் அறிந்த நாடியா அவர் முன் வந்து நின்றார்.

நந்தாதேவி என்று பெயரை மாற்றிக்கொண்டு, கறுநிறப் பொய்ப்பின்னலும் அணியுமாறு வாடியா கேட்டார். நாடியா இரண்டையும் மறுத்துவிட்டார். வேலை தேடி வந்தவர் முதலாளியிடம் மறுத்துப் பேசுவது எளிதன்று. எனினும், தம்மைப் பிறிதொருத்தியாகக் காட்டிக்கொள்வதில் அவருக்கு உடன்பாடில்லை. அவருடைய இயல்பான தோற்றத்தையே இரசிகர்கள் ஏற்றுக்கொண்டதை நோக்க, அந்த மறுப்பு அவருக்கு மட்டுமன்றி நிறுவனத்துக்கும் நன்மையாகவே முடிந்தது.

'தேஷ் தீபக்', 'நூர் ஏ யமன்' ஆகிய படங்களில் சிறு வேடங்கள் ஏற்றபின், நாடியாவை முதன்மைப் பாத்திரமாக்கி ஜே.பி.எச். வாடியாவின் தம்பி ஹோமி வாடியா இயக்கிய படமே 'ஹண்டர்வாலி'. கொடிய அமைச்சனால் தந்தை சிறைப்பட, இளவரசி மாதுரி முகமூடி அணிந்து புறப்பட்டு, ஏழைகளின் காவலராகி, அநீதியைச் சாட்டையால் எதிர்கொள்கிறாள். கதை எளிது, ஆயினும் அதைக் கண்ட மக்களின் காலம் எளிதானதன்று. அயலாட்சியின் கீழிருந்த நாட்டில் அரசை நேரே சாடும் படத்தைத் தணிக்கையாளர் விடமாட்டார்கள். கொடுங்கோல் அமைச்சன் யாருக்குக் குறியீடு என்பதை அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருந்த தொழிலாளர்கள் தாமே புரிந்துகொண்டனர். அந்தக் கொடுமையை எதிர்த்து நின்றவரே வெள்ளைத் தோலினர் என்பது ஒரு முரண். இரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் அவர்களுக்குப் பம்பாய்ப் பெண். 1941இல் அவர் நடித்த ஒரு படத்தின் பெயரே 'பம்பாய்வாலி'.

படத்தின் வெற்றி அரங்கோடு நிற்கவில்லை. சாட்டை, இடைவார், தீப்பெட்டி எனப் பல பொருள்கள் ஹண்டர்வாலியின் பெயரில் விற்பனைக்கு வந்தன. குதிரைமீதிருந்து அவர் எழுப்பிய 'ஹேய்' என்னும் நெடுங்குரலைத் தெருவில் சிறுவர்கள் எழுப்பினர். குதிரைக்கும் தனிப் புகழ் வாய்த்தது. 'பஞ்சாபின் மைந்தன்' என்ற பட்டப்பெயருடன் அது நாடியாவின் படங்களில் துணைநாயகன்போல் தோன்றியது.

1936இல் வந்த 'மிஸ் பிரான்டியர் மெயில்' அவருடைய ஆற்றலுக்குச் சிறந்த சான்று. செய்யாத கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட ரயில் நிலைய அதிகாரியான தந்தையைக் காக்க மகள் களமிறங்குவது கதை. ஓடும் ரயில் பெட்டிகளின் கூரைமீது நின்று எதிரிகளோடு மோதும் காட்சி அதில் நீண்டு செல்கிறது. கணினியால் காட்சிகளை உருவாக்கும் காலம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. தமக்கு மாற்றாக வேறொருவரை அனுப்பாமல் நாடியா தாமே இத்தகைய காட்சிகளில் நடித்தார். கால் சற்று வழுக்கினால் தண்டவாளம். ஆண்களைத் தோளில் தூக்கிச் சுமப்பதும் மாடத்திலிருந்து தாவுவதும் அவருடைய அன்றாடப் பணியாயின. 1942இல் வெளிவந்த 'ஜங்கிள் பிரின்சஸ்' படத்திற்காகச் சிங்கங்களோடு கூண்டுக்குள் நின்றார். அடிபட்ட நாள்களும் உண்டு. அவற்றை அவர் பெரிதாகப் பேசியதில்லை. மறுநாள் படப்பிடிப்புக்குச் செல்வது அவருக்குத் தொழில் ஒழுக்கம்.

உடல்வலிமைக்குப் பெயர்பெற்ற ஜான் காவஸ் பல படங்களில் அவருடன் நடித்தார். ஆயினும் ஆபத்திலிருந்து நாயகியைக் காப்பாற்றும் பொறுப்பு நாயகனுக்கு அதிகம் இருக்கவில்லை. பெரும்பாலும் நாயகியே பிறரைக் காத்தார். 1940இல் வந்த 'டயமண்ட் குவீன்' படத்தில் கல்வி கற்று ஊர் திரும்பும் பெண்ணாக நடித்தார். பெண்ணின் விடுதலையின்றி நாட்டின் விடுதலை நிறைவுறாது என்னும் கருத்து அப்படத்தில் சண்டைக் காட்சிகளுக்கு நடுவே இடம்பெற்றது. மேடைச் சொற்பொழிவைக் கேட்க வாராத மக்களிடம் அக்கருத்தைச் சாட்டையும் குதிரையும் கொண்டு சேர்த்தன.

அவருடைய தாக்கம் தென்னாட்டையும் எட்டியது. 1937இல் கே. அமர்நாத் இயக்கத்தில் வெளிவந்த 'மின்னல் கொடி' என்னும் தமிழ்ப்படத்தில் கே.டி. ருக்மணி ஆண் உடை தரித்துச் சாகசம் புரியும் நாயகியாகத் தோன்றினார். பக்திப் பாடல்களும் புராண நாடகங்களும் கோலோச்சிய தமிழ்த்திரையில் வாளேந்திய பெண் ஒரு புதுமை.

படித்தவர்களின் மதிப்பீட்டில் மட்டும் நாடியாவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. சண்டைப்படம் என்றால் தாழ்ந்தது, சமூகப்படம் என்றால் உயர்ந்தது என்னும் எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அந்த எண்ணத்திற்கு ஜே.பி.எச். வாடியாவே ஒரு கட்டத்தில் ஆட்பட்டார். அரசியல் சிந்தனையாளர் எம்.என். ராயின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், உயர்தரப் படங்களை நோக்கித் திரும்பினார். சாதனா போஸ் நடிப்பில் 1941இல் எடுத்த 'கோர்ட் டான்சர்' போன்ற படங்கள் அந்நோக்கில் பிறந்தவை. சகோதரர்களின் பாதைகள் பிரிந்தன. வாடியா மூவிடோன் படப்பிடிப்பு வளாகம் வி. சாந்தாராமின் கைக்குச் சென்று ராஜ்கமல் கலாமந்திர் ஆயிற்று. ஹோமி வாடியா 1942இல் பசந்த் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககாலப் படங்களில் ஒன்றாக 1943இல் 'ஹண்டர்வாலி கீ பேட்டி', அதாவது சாட்டைக்காரியின் மகள், வெளிவந்தது. கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட நாடியாவே புதிய நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார்.

நாடியாவும் ஹோமி வாடியாவும் ஒருவரையொருவர் விரும்பினர். பார்சிக் குடும்பத்துப் பழமையில் ஊறிய ஹோமியின் தாயார் இத்திருமணத்தை ஏற்கவில்லை. அண்ணன் ஆதரவாக நின்றும், தாயின் மனத்தைப் புண்படுத்த மகன் விரும்பவில்லை. திரையில் கோட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்த பெண், வாழ்வில் ஒரு வீட்டு வாசலுக்கு வெளியே ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருந்தார். தாயாரின் மறைவுக்குப் பின், 1961இல், அவர்கள் மணந்துகொண்டனர். அப்போது நாடியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஓடும் ரயிலின் கூரையில் நிற்பதற்குத் தேவைப்பட்டதைவிட வேறுவகையான மனவுறுதி இதற்குத் தேவைப்பட்டிருக்கும்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் நடிப்பை ஏறத்தாழ நிறுத்தியிருந்தார். 1968இல் 'கிலாடி' படத்தில் மீண்டும் தோன்றினார். அறுபது வயது நிறைந்த அவ்வாண்டுப் படமே அவருக்கு இறுதிப்படம். அதன்பின் புதிய தலைமுறை அவரை மறந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1993இல், ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் வின்சி வாடியா அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பழைய படச்சுருள்களிலிருந்து சாட்டையும் குதிரையும் ரயிலும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பன்னாட்டுத் திரைப்பட விழாக்களில் அவற்றைக் கண்ட பார்வையாளர்களுக்கு, முப்பதுகளின் இந்தியாவில் இப்படியொரு பெண் நடித்திருக்கிறார் என்பதே செய்தியாக இருந்தது. புகழ் இரண்டாம் முறை தம் வாயிலுக்கு வந்ததை எண்பத்தைந்து வயதில் நாடியா கண்டார்.

1996ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், எண்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள், மும்பையில் அவர் காலமானார். ஹோமி வாடியா அவருக்குப் பின் எட்டாண்டுகள் வாழ்ந்து 2004இல் மறைந்தார்.