ரயில் டைம்டேபிளுக்குள் வெள்ளீயத் தாள்... மெட்டாமெட்டீரியலுக்கு அன்றே வழிகாட்டிய ஜே.சி.போஸ்! யார் இவர்?

ஜெகதீஷ் சந்திர போஸ்னு சொன்னதும், செடிகளுக்கும் உணர்வு உண்டுன்னு சொன்ன விஞ்ஞானிதானேன்னு கேட்போம். ஆனா, ஒளியை நம்ம இஷ்டத்துக்குத் திருப்பும் மெட்டாமெட்டீரியல் வரலாற்றிலும் அவருக்கு முக்கிய இடம் இருக்கு.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1858 நவம்பர் 30-ல் அன்றைய வங்காளத்தில் பிறந்தவர் போஸ். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்குச் சம்பளம் குறைவு. போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தைத்தான் வாங்கவில்லை. 3 வருஷம் சும்மாவே பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

டைம்டேபிள் என்ன செய்தது?

ஒளியும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம்தான். அலைநீளம்தான் வேற. போஸ் உருவாக்கிய அலைகள் 5 மில்லிமீட்டர் வரை சிறியவை. ஒளியலையைவிட சுமார் 10,000 மடங்கு நீளம். அதனால், ஒளியை வைத்துச் செய்ய முடியாத சோதனைகளைக் கைக்குக் கிடைத்த பொருட்களை வைத்தே செய்தார்.

பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையில் வெள்ளீயத் தாள்களைச் செருகினார். உலோகம், காகிதம், மறுபடி உலோகம். தாளுக்கு இணையாக அதிரும் அலை உலோகத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி, அங்கேயே தடுக்கப்பட்டது. தாளுக்குச் செங்குத்தாக அதிரும் அலை தாண்டிப் போனது.

1898-ல் முறுக்கிய சணல் கற்றைகளை வைத்தார். அலை அதிரும் திசையே திரும்பியது. முறுக்கை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதன் மாதிரி இது.

இப்போ என்ன?

பொருள் எது என்பது மட்டுமல்ல, அதை எப்படி அடுக்குறோம் என்பதும் அலையின் போக்கை முடிவு செய்யும். இதுதான் மெட்டாமெட்டீரியலின் அடிப்படை. இன்று வெள்ளியையும் மின்கடத்தாப் பொருளையும் நானோமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றி அடுக்குறாங்க. ஒவ்வொரு அடுக்கும் ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்ப மெல்லிசு. அதனால் ஒளிக்கு அது தனித்தனி அடுக்கா தெரியாது, இயற்கையில் இல்லாத ஒரு புதுப்பொருளா தெரியும்.

1917-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இயங்குகிறது.