பயாஸுக்குப் பெயர் வைத்த வாத்தியார்

உங்க லேப்டாப்ல லினக்ஸ் இருந்தா, இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி டெர்மினல் திறந்து எல்எஸ்சிபியு கமாண்ட் அடிச்சுப் பாருங்க. ஃபிளாக்ஸ் என்று ஆரம்பிச்சு, கண்ணைக் கட்டுற மாதிரி ஒரு நீளமான வரி வரும். கொஞ்சம் புது இன்டெல் சிப்பா இருந்தா அதுக்குள்ள ஈஎஸ்டி, அராட், ஹெச்டபிள்யூபி மாதிரி வார்த்தைகள் ஒளிஞ்சிருக்கும். எல்லாமே பவர் சமாச்சாரம். பூட் ஆகும்போது கெர்னல் சிப்பிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று விசாரிச்சு வாங்கின பதில்கள்தான் அவை. அந்த விசாரணை ஒழுங்கா நடந்தாத்தான் உங்க பேட்டரி சாயங்காலம் லேப் முடியிற வரைக்கும் தாங்கும்.

ஹார்டுவேரைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும் என்ற கேள்வி, மைக்ரோ கம்ப்யூட்டர் உலகத்துல முதல் முதலா ஒரு வாத்தியார் மேஜையில்தான் வந்து உட்கார்ந்தது. அவர் பெயர் கேரி கில்டால். ஐபிஎம் வீட்டு வாசலுக்கு வந்தப்ப பிளேன் ஓட்டப் போயிட்டு எல்லாத்தையும் கோட்டை விட்டவர் என்ற ஒரே கதையோடு பல பேருக்கு அவரைத் தெரியும். அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.

1942ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிறந்தார். குடும்பமே கப்பல் ஓட்டுறவங்களுக்குப் பாடம் எடுக்கிற ஒரு பள்ளியை நடத்திக்கிட்டிருந்தது. கேரியும் கொஞ்ச காலம் அங்கே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்கு படிக்கப் போய், கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். கடற்படைச் சேவைக்காக கலிஃபோர்னியாவில் மான்டரே ஊரில் இருந்த கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1972ல் டாக்டர் பட்டம். அடுத்த வருஷம் கம்பைலர் ஆப்டிமைசேஷன் பற்றி அவர் எழுதிய பேப்பரை, கம்பைலர் டிசைன் பேப்பர் எழுதப் போறவங்க தனியா தேடிப் படிக்கலாம். டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ் என்று சிலபஸ்ல வர்ற பாடத்தின் அஸ்திவாரம் அதுதான். இது ஒண்ணு மட்டும் பண்ணியிருந்தாலே ஒரு வாழ்க்கைக்குப் போதும்.

ஆனா அவர் கையில் இன்டெல் 4004 சிப் கிடைச்சது. பைத்தியம் பிடிச்சது என்றுதான் சொல்லணும். பள்ளியில் பாடம் எடுத்த நேரம் போக இன்டெலுக்கு ஆலோசகராகப் போய் 8008க்கும் 8080க்கும் சிமுலேட்டர் எழுதினார், பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கினார். கூடவே ஷுகார்ட் கம்பெனியின் பழைய எட்டு இஞ்ச் ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ணு வந்து சேர்ந்தது. அதை கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு கன்ட்ரோலர் வேணும். தானே செய்து பார்த்தார், வேலை செய்யல. சாஃப்ட்வேர் ஆள் சால்டரிங் அயர்னைத் தூக்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? கடைசியில் நண்பர் ஜான் டொரோடி அதைக் கட்டிக்கொடுத்தார். 1974ல் பசிஃபிக் குரோவ் ஊரில், அந்த டிரைவிலிருந்து சிபி/எம் எழுந்து வந்து ப்ராம்ப்ட் காட்டியது. இன்டெலுக்கு விற்கப் பார்த்தார். பிஎல்/எம் போதும், இது வேண்டாம் என்று விட்டார்கள். மனைவி டோரதியோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதல் பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். அண்டவெளி பின்னாடி உதிர்ந்துபோய், டிஜிட்டல் ரிசர்ச் மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் நம்ம விஷயம் ஆரம்பிக்குது. அந்தக் காலத்துல ஒரு மெஷின் மாதிரி இன்னொண்ணு இருக்காது. டிஸ்க் கன்ட்ரோலர் வேற, போர்ட் நம்பர் வேற, டெர்மினல் வேற. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கில்டால் சிபி/எம்மின் உள்ளே கை வைத்து, அந்த ஹார்டுவேருக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொடுக்க வேண்டியிருந்தது. நாலு கன்ட்ரோலர் வந்ததும் அலுத்துப்போச்சு. இம்சாய் கம்பெனி தன் மெஷின்களுக்கு சிபி/எம் கேட்டு வந்தப்ப, 1976 வாக்கில், அவர் சிஸ்டத்தை இரண்டாக வெட்டினார். ஃபைல், டைரக்டரி மாதிரி எல்லா மெஷினுக்கும் பொதுவானதெல்லாம் பிடாஸ் என்ற மேல் பகுதியில். இந்த மெஷினுக்கு மட்டும் உரியதெல்லாம் கீழே ஒரு சின்னப் பகுதியில். அந்தக் கீழ்ப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் பயாஸ். ஆமா, இன்னிக்கும் எஃப்2 அடிச்சுப் போறோமே, அதே பெயர்.

சிபி/எம் 2.2ல் அந்த பயாஸுக்கு வெறும் 17 வாசல்கள். ஒரு எழுத்து வாங்கு, ஒரு எழுத்து காட்டு, டிராக்கைத் தேர்ந்தெடு, செக்டாரைப் படி, இந்த அளவுதான். புது மெஷின் செய்யுறவங்க இந்த 17ஐ எழுதினா போதும், மேலே இருக்கிற எதையும் தொட வேண்டியதில்லை. வேர்ட்ஸ்டார் மாதிரி ஒரே புரோகிராம் எத்தனையோ கம்பெனி மெஷின்ல ஓடியதுக்கு இதுதான் காரணம். என் கணக்குல அவர் செஞ்சதுலயே பெரியது இந்த வெட்டுதான்.

அந்த ஏற்பாட்டில் மேல் பகுதி கீழே என்ன சிப் இருக்கு என்று கேட்கவே கேட்காது. கேட்கணும்னு நினைச்சாலும் 8080 பதில் சொல்லாது. என் மாடல் இது என்று சொல்ற இன்ஸ்ட்ரக்‌ஷனே அதில் கிடையாது. இருக்கிறது 8080யா இசட்80யா என்று தெரிஞ்சுக்க புரோகிராமர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஏ ரெஜிஸ்டரை அதிலிருந்தே கழி, பாரிட்டி ஃபிளாகைப் பார். 8080ல் பூஜ்யத்தின் பாரிட்டி இரட்டை என்பதால் ஃபிளாக் 1 ஆகும். இசட்80 அதே பிட்டில் ஓவர்ஃப்ளோவைக் காட்டும். அங்கே ஓவர்ஃப்ளோ இல்லை, அதனால் 0. சிப்பை ஏமாத்தி வாயைப் பிடுங்குற வேலை! சிஸ்டம் பக்கம் கில்டால் கொஞ்சம் நாகரிகமா நடந்துக்கிட்டார். பிடாஸின் 12ஆம் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் சிபி/எம் தன் வெர்ஷன் நம்பரைச் சொல்லும். 2.2 என்றால் ஹெக்ஸில் 22. பழைய வெர்ஷன்கள் 0 தரும். புது வசதியைத் தொடுறதுக்கு முன்னாடி இருக்கான்னு கேட்டுட்டுத் தொடு என்ற பழக்கம் அப்பவே வந்தாச்சு.

பவர் பற்றி அன்னிக்கு யாரும் கவலைப்படல. கீ அழுத்துற வரைக்கும் பயாஸ் ஒரு லூப்பில் சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கும், சிப்புக்கு ஓய்வே கிடையாது. சுவர்ல பிளக் இருந்துச்சு, அதனால யாருக்கும் வலிக்கல. லேப்டாப் வந்ததும் வலிச்சது. 1992ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏபிஎம் கில்டாலின் அதே வழியில் போனது: பவர் விஷயத்தைக் கீழே பயாஸ் பார்த்துக்கும், ஓஎஸ் அதைக் கூப்பிட்டால் போதும். சரிப்படல. நீங்க படம் பார்க்கிறீங்களா, ஃபைல் காப்பி பண்றீங்களா என்று பயாஸுக்கு எப்படித் தெரியும்? 1996ல் வந்த ஏசிபிஐ இதைத் திருப்பிப் போட்டது. கீழ் அடுக்கு ஹார்டுவேரை விவரிக்கிற டேபிள்களை மட்டும் கொடுக்கும், முடிவெடுக்கிறது கெர்னல்.

இப்போ லினக்ஸ் கெர்னல் டேபிளைப் படிக்கிறதோடு நிற்கிறதில்லை. சிபியுஐடி இன்ஸ்ட்ரக்‌ஷனில் 6ஆம் இலையைக் கேட்டு, ஈஏஎக்ஸின் 7ஆம் பிட் 1ஆக இருந்தால் ஹெச்டபிள்யூபி உண்டு, அதாவது வேகத்தை சிப்பே தானா கூட்டிக் குறைச்சுக்கும் என்று குறிச்சுக்குது. கேட்காம நேரா அந்த ரெஜிஸ்டரைத் தொட்டால், இல்லாத சிப்பில் ஃபால்ட் அடிக்கும். இருக்கிற சிப்பிலும் ஒருமுறை ஆன் பண்ணினால் ரீசெட் வரை ஆஃப் பண்ண முடியாது. இன்டெல் ஐடில் டிரைவரைத் திறந்து பாருங்க, இன்னும் வேடிக்கை. தெரிஞ்ச மாடலுக்குத் தன்னிடமே இருக்கிற டேபிளை எடுத்துக்கும்; தெரியாத மாடலா இருந்தா ஏசிபிஐ சொல்றதைக் கேட்கும். கில்டாலின் வெட்டுக்கோடு ஒரே ஃபைலுக்குள்ள ரெண்டு பக்கமும் ஓடுது.

சரி, பிளேன் கதை. 1980ல் ஐபிஎம் ஆட்கள் வந்த அன்னிக்குக் காலையில் அவர் விமானத்தில் போனது உண்மை. போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க. ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டோரதி தயங்கினார். அதுக்கப்புறம் நடந்ததுக்கு ஆளாளுக்கு ஒரு கதை இருக்கு. சிபி/எம் மாதிரியே இன்னொருவர் எழுதியிருந்த ஒரு சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. கில்டால் சண்டை போட்டதும், ஐபிஎம் அவருடைய சிபி/எம்-86ஐயும் கடையில் வைத்தது. அது 240 டாலர், பக்கத்திலேயே பிசி டாஸ் 40 டாலர். நீங்களே சொல்லுங்க, எதை வாங்குவீங்க?

அதுக்கப்புறமும் அவர் சும்மா உட்காரல. தி கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற டிவி நிகழ்ச்சியில் பல வருஷம் வந்தார், சிடி-ராமில் என்சைக்ளோபீடியா கொண்டுவந்தார். 1991ல் டிஜிட்டல் ரிசர்ச் நோவெலிடம் போனது. அடுத்த வருஷம் அவர் படித்த துறையே தன் ஆண்டு விழாவுக்கு பில் கேட்ஸைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்தது; கில்டால் அதில் மனசு உடைந்து தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். 1994 ஜூலையில் மான்டரேயில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழிச்சு இறந்தார். வயசு 52.

எழுதினது புத்தகமா அச்சாகல. முதல் பகுதி மட்டும் 2016ல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் மூலமா வெளியே வந்தது. தேடினா இலவசமாவே கிடைக்கும். செமஸ்டர் லீவ்ல ரெண்டு நாள் போதும் படிக்க.