டிகிரி இல்லாத தோட்டக்காரர் கட்டிய கண்ணாடி மாளிகை

ரிவ்யூவுக்கு டைம் பத்தலைன்னு புலம்புறீங்களா? அப்போ ஜோசப் பாக்ஸ்டனைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

1803-ல் இங்கிலாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். காலேஜ் பக்கமே போனதில்லை. 22 வயசில் சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷயர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிக் கட்டியே கட்டுமானம் கற்றுக்கொண்டார். 1849-ல் அமேசானின் ராட்சத அல்லியைப் பூக்க வைத்தார். அதன் இலை மேல் தன் குட்டி மகளை நிற்க வச்சுப் பார்த்தார். இலை தாங்கியது. காரணம், அடியில் குறுக்கும் நெடுக்குமா ஓடும் நரம்புகள்!

அடுத்த வருஷம் லண்டனில் ஒரு சிக்கல். 1851 மே மாதம் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி; கட்டடத்துக்கு 245 டிசைன் வந்தும் ஒண்ணும் தேறலை. கமிட்டியே வரைந்த செங்கல் கட்டடத்துக்கும் ஏகப்பட்ட எதிர்ப்பு. 1850 ஜூனில், ஒரு ரயில்வே மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த பாக்ஸ்டன், மை உறிஞ்சும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். அந்தத் தாள் இன்னைக்கும் லண்டனில் ஒரு மியூசியத்தில் இருக்கு.

அவர் ஐடியா ரொம்ப சிம்பிள். 24 அடி அளவில் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப வை. எல்லாக் கண்ணாடியும் ஒரே சைஸ். தூண், உத்தரம் எல்லாம் ஃபேக்டரியில் வார்த்து வரும். சைட்டில் மாட்டினா போதும். தூண் உள்ளே வெற்று. மழைத்தண்ணீர் அது வழியா இறங்கிடும். பார்க்கில் இருந்த பெரிய எல்ம் மரங்களை வெட்டக் கூடாதுன்னு மக்கள் சண்டை போட்டதால், மரத்தை உள்ளே விட்டு மேலே வளைவுக் கூரை போட்டாங்க.

1,848 அடி நீளம், சுமார் 3 லட்சம் கண்ணாடி. சொன்ன தேதியில், மே 1-ம் தேதி திறந்தாச்சு! அஞ்சரை மாசத்தில் 60 லட்சம் பேர் பார்த்தாங்க. பாக்ஸ்டனுக்கு அதே வருஷம் சர் பட்டம், பிறகு எம்.பி. பதவி.

கண்காட்சி முடிந்ததும் அதைக் கழட்டி, சிடன்ஹாமில் இன்னும் பெரிசா மாட்டினாங்க. 1865-ல் பாக்ஸ்டன் இறந்தார். 1936-ல் ஒரே ராத்திரித் தீயில் மாளிகையும் போச்சு.

ஆனா முறை போகலை. அடுத்த தடவை ஏர்போர்ட்டிலோ மெட்ரோ ஸ்டேஷனிலோ நிமிர்ந்து பாருங்க. ஒரே இடைவெளியில் தூண், ஒரே அளவில் கண்ணாடி தெரிஞ்சா, அந்தத் தோட்டக்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.